கம்பெனி கப்பல் டூர் முடிந்து வீடு திரும்பும்போது: டீலர்களும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெயிண்ட், சிமெண்ட், பம்பு செட், டைல்ஸ் என்று எந்தக் கம்பெனி ஸ்கீம் போட்டாலும், டார்கெட் முடித்த டீலருக்குக் கப்பல் டூர் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் தீவுகளைப் பார்த்துவிட்டு, மூன்று நான்கு ராத்திரி கழித்துச் சிங்கப்பூரிலேயே இறங்குவதாக இருக்கும். சில குழுக்கள் மலேசியாவின் லங்காவித் தீவுக்கும் போகும். இந்த வழியில் பல வருஷமாகத் தமிழ்நாட்டுக் குழுக்களை அழைத்துப்போய்த் திரும்ப வீட்டில் சேர்க்கும் வேலை என்னுடையது.

கிளம்புவதற்கு எல்லோரும் ஒரு மாதம் தயாராகிறார்கள். புதுத் துணி, புதுப் பெட்டி, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள், கடைச் சாவி யாரிடம் என்பது வரை யோசித்துவிடுவார்கள். திரும்பி வருவதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. நான் பார்த்த சங்கடங்களில் முக்கால்வாசி கப்பலின் கடைசி ராத்திரிக்கும், வீடு வந்த முதல் வாரத்துக்கும் இடையில்தான் நடந்தன. அந்த நாட்களில் எனக்கு வரும் போன்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கடைசி ராத்திரியே பெட்டியைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

காலையில் கப்பல் கரை சேர்ந்ததும் மூவாயிரம் பேர் இறங்க வேண்டும். எல்லோரும் பெட்டியை உருட்டிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தால் யாரும் நகர முடியாது. அதனால் பெரிய பெட்டிகளை ராத்திரியே வாங்கி, டேக்கின் நிறத்தையும் எண்ணையும் பார்த்துப் பிரித்து, காலையில் துறைமுகக் கூடத்தில் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதே கப்பல் அன்று சாயங்காலமே அடுத்த மூவாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும். நீங்கள் காலி செய்த கேபினை இரண்டு மூன்று மணி நேரத்தில் கழுவித் துடைத்து விரிப்பு மாற்றியாக வேண்டும். காலையில் அவசரப்படுத்துகிறார்களே என்று கேபின் சுத்தம் செய்யும் பையன்களிடம் கோபப்படாதீர்கள்.

வெளியே வைக்கும் பெட்டிக்குள் போகக் கூடாதவை சில: பாஸ்போர்ட், விமான டிக்கெட், தினமும் போடும் மாத்திரை, போன் சார்ஜர், பவர் பேங்க், நகை, மூக்குக் கண்ணாடி. இதையெல்லாம் பலரும் ஞாபகமாக எடுத்து வைத்துவிடுவார்கள். மறப்பது மறுநாள் காலையில் உடுத்த வேண்டிய துணியை. ஈரோட்டுப் பக்கத்துத் தம்பதி ஒருவர் அக்கறையாக எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்து, பூட்டி, வெளியே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். காலையில் அந்த அம்மா நைட்டியோடு கதவைப் பாதி திறந்து என்னைக் கூப்பிட்டபோது அவர் கண்ணில் தண்ணீர். பக்கத்துக் கேபின் அக்கா ஒருவர் தன் சுடிதாரைக் கொடுத்தார். பெட்டியைப் பூட்டும் முன் செருப்பு உட்பட முழுசாக ஒரு செட் துணியைப் படுக்கையின் மேல் எடுத்து வையுங்கள். இன்றுவரை எந்தக் குழுவுக்கும் கடைசி ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்.

டூர் செலவு முழுக்கக் கம்பெனியுடையது என்றார்கள். பிறகு ஏன் கப்பலில் பில் வருகிறது?

கேபினும், பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுவதும், பெரும்பாலான நிகழ்ச்சிகளும் கம்பெனி கட்டிய பணத்தில் அடங்கும். குளிர்பானம், மதுபானம், மசாஜ், இணையம், தனிக் கட்டண உணவகம், கப்பல் கடையில் வாங்கியவை, புகைப்படக்காரர் எடுத்த படம் எல்லாம் உங்கள் கேபின் அட்டையில் ஏறும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்கான டிப்ஸும் தனியாக ஏறலாம். அதைக் கம்பெனி கட்டியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

கணக்கைக் கடைசி நாள் காலையில் பார்க்காதீர்கள். அன்றைக்கு ரிசப்ஷன் முன்னால் நூறு பேர் நிற்பார்கள். அதற்கு முந்தைய நாள் சாயங்காலமே போய், வரி வரியாகப் பார்த்து, நீங்கள் வாங்காதது இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் அட்டையைக் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரே கேபினில் இரண்டு டீலர்களைத் தங்க வைத்திருந்தால், ஒருவர் குடித்தது இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கவும் கூடும். கப்பலில் அதைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். ஊருக்கு வந்தபிறகு என்றால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

டெபிட் கார்டைக் கொடுத்திருந்தால், முன்பணமாகப் பிடித்து வைத்த தொகை திரும்பக் கணக்கில் தெரியச் சில நாட்கள் ஆகும். இரண்டு முறை பணம் போய்விட்டதாகப் பதற வேண்டாம். இரண்டு வாரம் தாண்டினால் வங்கியிடம் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். சில கப்பல்களில் இமிகிரேஷன் வேலைக்காக வாங்கி வைத்து, கடைசி நாள் திருப்பிக் கொடுப்பது வழக்கம். கையில் வந்ததும் உங்களுடையதுதானா என்று பெயரையும் படத்தையும் பார்த்து வாங்குங்கள். குழுவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது நம் ஊரில் சகஜம்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரை விட்டுக் கப்பல் கிளம்பியதுமே நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுகிறீர்கள். திரும்பி இறங்குவது புதிதாக நுழைவதாகத்தான் கணக்கு. ஆகவே விசா பல முறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். வருகை அட்டையையும் இணையத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை நிரப்பலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. நடுக்கடலில் இணையம் விலை அதிகம் என்பதால், பினாங்கிலோ புக்கெட்டிலோ கரையில் இருக்கும்போதே நிரப்பிவிடச் சொல்வேன்.

கப்பல் காலை 8 மணிக்கு வந்துவிடும். 11 மணி விமானத்தைப் பிடிக்கலாமா?

கூடாது. கரை சேர்வதும் நீங்கள் வெளியே வருவதும் ஒன்றல்ல. அதிகாரிகள் அனுமதி தந்தபிறகு டெக் டெக்காகக் கூப்பிடுவார்கள். இமிகிரேஷன், பெட்டி தேடுதல், சுங்கம் என்று இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். மரினா பே துறைமுகத்திலிருந்து சாங்கி விமான நிலையம் சுமார் 20 கிலோமீட்டர்தான், டாக்ஸியில் அரை மணிக்குள் போகலாம். ஆனால் டாக்ஸிக்கும் வரிசை நிற்கும். 8 மணிக்குக் கப்பல் வந்தால் மதியம் 2 மணிக்கு முன்னால் எந்த விமானத்துக்கும் நான் டிக்கெட் போடுவதில்லை. கம்பெனியின் டிராவல் டெஸ்க்காரர் காலை விமானம் மலிவு என்று சொன்னால் சண்டை போட்டாவது மாற்றுங்கள். அதில் மிச்சமாகும் பணம், விமானம் தவறிப்போகும் ஒரே குடும்பத்துக்கு மறு டிக்கெட் எடுக்கக்கூடக் காணாது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால் ஓடுகிறது, நம் ஊர் இரண்டரை மணி பின்னால். போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டு அலாரம் தப்பான நேரத்தில் அடித்த கதை குழுவுக்கு ஒன்றாவது இருக்கும். கடைசி ராத்திரி கப்பலில் அறிவிக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கெட்டில் ஸ்கூபா டைவிங் போனேன். விமானம் ஏறலாமா?

ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாளோ மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும் என்பது டைவிங் மருத்துவர்களின் பரிந்துரை. ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழ்களாக வெளிப்படலாம். மூட்டு வலி, மரத்துப்போதல், மூச்சுத் திணறல் வந்தால் அது அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகக்கவசம் போட்டு மேலாக நீந்தும் ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கப்பல் கடையிலும் லங்காவியிலும் சரக்கு மலிவாக இருக்கிறது. வாங்கி வரலாமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் இந்தியச் சுங்க விதியை மட்டும் தெரிந்து வைத்திருப்பார்கள்: ஆளுக்கு 2 லிட்டர் மதுபானம். ஆனால் இந்தியாவுக்கு வருமுன் நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். அந்த நாட்டின் விதி வேறு. அங்கே வரியில்லாமல் விஸ்கி, பிராந்தி வகை 1 லிட்டர்தான், மீதி 1 லிட்டர் ஒயினாகவோ பீராகவோ இருக்க வேண்டும். அதுவும் 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருந்தால்தான். மலேசியாவிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சலுகையே கிடையாது. எனவே கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம் பினாங்கா புக்கெட்டா என்பது கணக்கையே மாற்றிவிடும்.

சிகரெட் விஷயம் இன்னும் கடுமை. சிங்கப்பூரில் ஒரு சிகரெட்டுக்குக்கூட வரிச் சலுகை இல்லை. கப்பலில் வாங்கிய பாக்கெட்டைச் சொல்லாமல், வரி கட்ட ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் போனால் அபராதம். வேப் எனப்படும் மின் சிகரெட் சிங்கப்பூரிலும் தடை, 2019-இல் வந்த சட்டத்தால் இந்தியாவிலும் தடை. பரிசாக யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் சாங்கியில் விமானம் ஏறும் முன் வாங்குங்கள். சிங்கப்பூருக்குள் நுழையும் பிரச்சினை அங்கே கிடையாது, இந்தியாவின் 2 லிட்டர் வரம்பை மட்டும் பார்த்தால் போதும். கப்பலில் வாங்கிய பாட்டில் இருந்தால் அதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "அண்ணே, என் பையில இடமில்ல, இத மட்டும் வச்சுக்கங்க" என்று யார் கேட்டாலும், அவர் உங்கள் மாவட்டத்துக்காரராகவே இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில் தூக்குத் தண்டனை உண்டு.

சென்னை, திருச்சி, கோவை சுங்கத்தில் என்னென்ன பார்ப்பார்கள்?

2016-ஆம் ஆண்டுப் பயணப்பை விதிகள் ஊர் திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருட்களுக்கு வரி விலக்கு தந்தன. இந்த வரம்பை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறைத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வரம்பு ஆளுக்குத் தனித்தனி. கணவன் மனைவி இருவருடையதையும் கூட்டி ஒரே விலையுயர்ந்த பொருளுக்குக் காட்ட முடியாது.

தங்கத்தில்தான் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துத் திரும்புகிறவருக்குத் தனி நகைச் சலுகை உண்டு. நான்கு நாள் டூர் போனவருக்கு அது கிடையாது. காசு, பிஸ்கட் வடிவில் இருந்தால் ஒரு கிராமுக்குக்கூட விலக்கு இல்லை. நீங்கள் ஊரிலிருந்தே நிறைய நகை போட்டுப் போவதாக இருந்தால், போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்குங்கள். என்னைக் கேட்டால், தாலியும் ஒரு ஜோடிக் கம்மலும் போதும். கப்பலில் கேபின் பெட்டகத்தில் வைத்து மறந்துவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டு, பெரிய சிப்பி எதுவும் வேண்டாம். பவளப்பாறைகள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும், அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்திலும் காக்கப்படுபவை. குழந்தை ஆசையாக எடுத்து வைத்திருந்தால், கரையிலேயே கடலில் திரும்பப் போடச் சொல்லுங்கள். செடி, விதை, ரம்புட்டான், மங்குஸ்தான் பழங்களும் தாவரத் தடுப்பு விதியில் நின்றுவிடும்.

தாராளமாகக் கொண்டுவரக்கூடியவை எவை என்றும் கேட்கிறார்கள். சாக்லேட், பினாங்கின் ஜாதிக்காய்த் தைலம், கோடாலித் தைலம். கோடாலித் தைலம் சிங்கப்பூரில் பிறந்தது. பர்மா, மலாயா போய்த் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டியில் வந்து நம் பாட்டிகளின் தலைமாட்டுக்குக் குடியேறியது. 1926-இல் கட்டிய 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இன்று டீலர்கள் உல்லாசமாகப் போகும் அதே கடலில், ஒரு தலைமுறைத் தமிழர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வீடு திரும்பினார்கள். பினாங்கின் லிட்டில் இந்தியாவில் நடக்கும்போது குழுவுக்கு இதைச் சொல்வேன். "எங்க தாத்தா அந்தக் கப்பல்ல வந்தவருதான்" என்று யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. தரை இன்னும் ஆடுகிறது. ஏதாவது பெரிய வியாதியா?

பெரும்பாலும் இல்லை. கப்பலில் நான்கு நாள் இருந்தபோது உங்கள் மூளை ஆட்டத்துக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு அசைவுக்கும் முன்கூட்டியே ஈடுகொடுத்து உங்களை நேராக நிறுத்தியது. இப்போது தரை அசையவில்லை, ஆனால் மூளை அந்தப் பழக்கத்தை விடவில்லை. குளியலறையில் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதும், படுத்ததும், அடுப்படியில் ஒரே இடத்தில் நிற்கும்போதும் அதிகம் தெரியும். கார், பஸ்ஸில் போகும்போது குறைந்துவிடுவது இதன் அடையாளம். மற்ற தலைச்சுற்றல்கள் பலவும் வண்டியில் கூடும், இது குறையும்.

பலருக்கு ஒரு நாளில், சிலருக்கு இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். நடங்கள், தூரத்தில் அசையாமல் நிற்கும் ஒன்றைப் பாருங்கள், நன்றாகத் தூங்குங்கள். கப்பலில் போட்ட வாந்தி மாத்திரையை ஊரிலும் தொடர வேண்டாம், தூக்கம்தான் வரும். பைக் ஓட்டுவதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: அந்த இரண்டு நாள் ஏணியில் ஏறி மேல் ரேக்கில் எதையும் எடுக்காதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் ஆட்டம் நிற்காமல் இருப்பது அரிது. அப்படி இருப்பவர்களில் நடுவயதுப் பெண்கள் அதிகம். "ஒண்ணுமில்ல, மனசுதான்" என்று வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள். அது மனசு அல்ல. பெயருள்ள, மருத்துவர்கள் அறிந்த நிலை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ கப்பல் பயணத்தைச் சொல்லிக் காட்டுங்கள். ஆட்டத்தோடு பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், இரட்டையாகத் தெரிதல், கடும் தலைவலி இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வந்த மறுநாளே வயிற்றுப்போக்கு, வாந்தி. கப்பல் சாப்பாடு காரணமா?

இருக்கலாம், ஆனால் கெட்டுப்போன சாப்பாடுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கைப்பிடியையும் ஒரே பஃபே கரண்டியையும் தொடும் இடத்தில் நோரோ வைரஸ் சுலபமாகப் பரவும். தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பித்து, ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். ஓஆர்எஸ் பாக்கெட் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மோர், கஞ்சி, இளநீர் நல்லது. சிறுநீர் குறைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையோ முதியவரோ சோர்ந்து படுத்தாலோ ஆஸ்பத்திரி.

சானிடைசர் இந்த வைரஸை அவ்வளவாகக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். போக்கு நின்ற பிறகும் குறைந்தது இரண்டு நாள் மற்றவர்களுக்குச் சமைக்காதீர்கள். நம் வீடுகளில் இது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஊர் திரும்பிய அம்மாதான் மறுநாள் காலை இட்லி ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இரண்டு நாள் வேறு யாராவது சமையுங்கள்.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால்?

டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியம் "மலேசியா, தாய்லாந்து போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். டெங்கு, கொசு கடித்த நான்கிலிருந்து பத்து நாளுக்குள் வெளிப்படும். ரத்தப் பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம். மெடிக்கலில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் அந்த நாள்தான் டெங்குவில் கவனமாக இருக்க வேண்டிய நாள். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் எது வந்தாலும் உடனே அட்மிட் ஆகுங்கள்.

போன் பில் ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறது. ரோமிங் பேக் போட்டிருந்தேனே?

நீங்கள் போட்டது சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து நெட்வொர்க்குக்கு. நடுக்கடலில் போன் பிடித்தது கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க். பெரும்பாலான பேக்குகளில் அது சேராது. கரையை விட்டதும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, தேவைப்பட்டால் கப்பல் வைஃபை மட்டும் வாங்குவதே வழி. பில் வந்துவிட்டால், தேதியும் நேரமும் பார்த்து, கப்பல் துறைமுகத்தில் நின்ற நேரத்துக்கான கட்டணமும் கடல் கட்டணமாக ஏறியிருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

டூர் கொடுத்துவிட்டுக் கம்பெனி வரி கேட்கிறது. இது நியாயமா?

டீலர்களை மிகவும் கோபப்படுத்தும் கேள்வி இது. கம்பெனி ஏமாற்றவில்லை, சட்டமே அப்படி. தொழில் உறவில் ஒருவருக்குக் கொடுக்கும் சலுகையின் மதிப்பு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் பிரிவு 2022 ஜூலை 1 முதல் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண் வேறு.

டூர் பணமாக வராததால் அதிலிருந்து வரியைப் பிடிக்க வழியில்லை. எனவே கம்பெனி உங்களிடம் கேட்டு வாங்கும், அல்லது தானே கட்டிவிட்டு அதையும் சலுகையோடு சேர்க்கும். உதாரணத்துக்கு, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துக் கம்பெனி 1,20,000 ரூபாய் மதிப்புக் காட்டினால் 12,000 ரூபாய். மனைவியின் சீட்டும் உங்கள் கணக்கில்தான் வரும். கப்பலில் ஒரு மணி நேரம் புதுப் பொருள் அறிமுகக் கூட்டம் நடத்தினார்களே, அது கான்பரன்ஸ்தானே என்று வாதிடுவார்கள். உண்மையான டீலர் கான்பரன்ஸ் செலவுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதில் கலந்த உல்லாசப் பகுதிக்கும் குடும்பத்தாரின் செலவுக்கும் விலக்கு இல்லை என்று 2022 ஜூனில் வந்த வரித்துறைச் சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது.

பிடித்த வரி உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். அந்த மதிப்பைத் தொழில் வருமானத்தில் காட்டி, பிடித்தத்தை வரவு வைத்துக்கொள்ளலாம். ஊர் வந்த வாரத்திலேயே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். மார்ச் முடிந்து அவர் கேட்கும்போது "அது ஃப்ரீ டூர்தானே" என்று விட்டுவிட்டால் பிறகு நோட்டீஸ் வரும். கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு இது சம்பளத்தோடு சேரும் சலுகையாக, கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்றிதழில் வரும்.

கப்பலில் எடுத்த போட்டோ, வீடியோக்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா?

இயற்கைக் காட்சியும் குரூப் போட்டோவும் போடுங்கள். நடனம், நீச்சல் குளம், கையில் கிளாஸ் என்று ஒருவர் இருக்கும் படத்தை அவரிடம் கேட்காமல் போடவே கூடாது. கப்பல் மேல் டெக்கில் கவலையில்லாமல் ஆடிய, எங்கள் குழுவில் வந்த கம்பெனிப் பெண் ஊழியர் ஒருவரின் பத்து விநாடி வீடியோ, நாங்கள் திருச்சியில் இறங்கும் முன்பே அவர் மாமனார் போனுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் அடுத்த வருஷம் டார்கெட் முடித்தும் டூருக்கு வரவில்லை. போட்டவர் கெட்டவர் அல்ல, சந்தோஷத்தில் அனுப்பியவர். ஆனால் அந்தச் சந்தோஷத்தின் விலையை இன்னொருவர் கொடுத்தார். அப்படி ஏதும் போட்டிருந்தால் இப்போதே அழித்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மறுநாளே கடை திறக்க வேண்டுமா?

முடிந்தால் ஒரு நாள் விடுங்கள். முடியாது என்றால் மதியத்துக்கு மேல் போங்கள்.

கடைப் பையன்களுக்கு என்ன வாங்கி வருவது?

ஆளுக்கு ஒன்றாக, எல்லோருக்கும் ஒரே மதிப்பில், தனித்தனிக் கவரில் வாங்கி வாருங்கள். ஒரு பெரிய சாக்லேட் பையைக் கல்லாவில் வைத்து "எடுத்துக்கங்கப்பா" என்று சொல்லாதீர்கள். டார்ச் லைட், நல்ல துண்டு, கோடாலித் தைலம் என்று எதுவாக இருந்தாலும், கையில் கொடுக்கும்போது பெயர் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் இல்லாத ஐந்து நாளும் கடையைப் பார்த்தவருக்கு அந்த நாட்களுக்கான கூடுதல் கூலியை வந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கம் சிமெண்ட் டீலர் ஒருவர், டூர் முடிந்த மறுவாரம் எனக்குப் போன் செய்தார். கடையில் 22 வருஷமாக இருக்கும் லோடுமேன் ஒருவர் போட்டோவையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாராம்: "எத்தன மூட்டைக்கு அண்ணே ஒரு சீட்டு?" டீலருக்கு எண் தெரியும். ஸ்கீம் நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். அந்த எண்ணைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் கேட்டவரின் தோளில் ஏறி இறங்கியவை.

அடுத்த வருஷமும் அவர் டார்கெட் முடித்தார். அந்த ஸ்கீமில் சீட்டுக்குப் பதிலாகப் பணமும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. வீட்டம்மாதான் முதலில் சொன்னாராம்: "நாம ஒரு தடவ பாத்துட்டோம்ல, இந்தத் தடவ அவங்களுக்குக் குடுத்துருவோம்." கடையை இரண்டு நாள் மூடி, வேன் பிடித்து, கடையில் வேலை செய்யும் ஆறு பேரையும் அவர்கள் குடும்பத்தையும் ராமேஸ்வரம், தனுஷ்கோடி அழைத்துப்போனார்கள். எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். அந்த லோடுமேன் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில், பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.